காரிக்குத் தண்ணி காட்டினது யார்?
'வாடிவாசல்' படத்துக்காகக் காத்திருக்கும் ஒருவனின் குறிப்புகள்

வராத படத்துக்கு விமர்சனம் எழுதுகிற கூத்து இது என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். படம் வந்தபிறகு எழுதி நாம் என்ன கண்டோம்? வசூல் முடிந்து, வெற்றி விழா முடிந்து, பத்திரிகைகள் எல்லாம் மார்க் போட்டு முடித்தபிறகு, ஒரு மூலையில் உட்கார்ந்து 'இதில் சாதி எங்கே போயிற்று' என்று கேட்போம். இத்தனை வருடமாக அதைத்தான் செய்துவருகிறோம். இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டுவைப்போம்.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959இல் வந்த குறுநாவல். அதை வெற்றிமாறன் இயக்க, சூர்யா நடிக்க, கலைப்புலி தாணு தயாரிக்கிறார் என்று அறிவித்துப் பல வருடங்கள் ஆகின்றன. 2021இல் தலைப்பை வெளியிட்டார்கள். 2022இல் சோதனைப் படப்பிடிப்பு நடத்தினார்கள். 2025 பொங்கலுக்கு மறுபடியும் ஓர் அறிவிப்பு வந்தது. இடையில் 'விடுதலை' இரண்டு பாகமும் (2023, 2024) எடுத்து வெளியிட்டாகிவிட்டது. வாடிவாசல் திறக்குமோ, அடைத்தே கிடக்குமோ, யாருக்கும் தெரியாது. ஆனால் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருவன். என் காத்திருப்பும் விசிலடிக்கக் காத்திருக்கிறவர்களின் காத்திருப்பும் ஒன்றா என்பதுதான் இங்கே பேச்சு.

1

முதலில் நாவலைப் பார்ப்போம். நூறு பக்கத்துக்குள் முடிந்துபோகிற கதை. ஒரே ஒரு மத்தியானப் பொழுது, ஒரே ஒரு களம். உசிலனூர்ப் பிச்சி தன் மச்சான் மருதனோடு ஜல்லிக்கட்டுக்கு வருகிறான். அவன் அப்பன் அம்புலித் தேவன் பேர்போன மாடணைபவன். காரி என்கிற காளை அவனைக் குத்திச் சாய்த்திருக்கிறது. அந்தக் காரி இப்போது ஜமீன்தாரின் காளை. ஜமீன்தாரின் கௌரவம் அதன் கொம்பிலும் திமிலிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பிச்சி காரியை அணைகிறான். ரத்தக் காயத்தோடு ஜெயிக்கிறான். தோற்ற காளை வெறிபிடித்து ஓடுகிறது. ஜமீன்தார் துப்பாக்கியை எடுத்துத் தன் காளையைத் தானே சுட்டுக் கொல்கிறார்.

செல்லப்பா (1912-1998) 'எழுத்து' பத்திரிகை நடத்தியவர். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். பார்ப்பனர். ஜல்லிக்கட்டுக் களத்துக்கு வெளி ஆள்தான். ஆனாலும் கூர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். திட்டிவாசல், வாடிவாசல், மாடு எகிறி வருகிற அந்த ஒரு நொடி, அணைகிறவன் கால் பதிகிற இடம் என்று எதையும் கண்ணில் காட்டாமல் விடவில்லை. வேண்டாத சொல் கிடையாது. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் மேலே பேசுகிறேன்.

இந்த நாவலில் சாவது யார்? பிச்சி இல்லை. ஜமீன்தாரும் இல்லை. சாவது காரி. கௌரவத்துக்காக வளர்க்கப்பட்ட ஒரு ஜீவன், அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற முடியாமல் போனதும் அதே எஜமானால் கொல்லப்படுகிறது. விளையாட்டு என்பது மனிதர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பேர். மாடு அந்த ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கவில்லை. செல்லப்பாவுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் பிச்சி ஜெயித்த இடத்தில் அவர் கதையை நிறுத்தவில்லை. ஜெயித்தபிறகு வருகிற சாவில் நிறுத்துகிறார்.

எனக்கு இந்தக் காரி அந்நியமான மாடு இல்லை. பண்ணையில் தின்று, பண்ணைக்காக அடிதடிக்குப் போய், வழக்கு வந்ததும் பண்ணையாலேயே கைகழுவப்பட்ட எத்தனையோ பேரை நம் தெருக்களில் பார்த்திருக்கிறோம். பண்ணையின் மானத்தைச் சுமந்தவனுக்குப் பண்ணையில் ஒரு மானமும் கிடைத்ததில்லை. காரியின் கதையை அப்படி வாசிக்கிற உரிமை நமக்கு உண்டு.

2

சினிமா இதை எப்படி வாசிக்கும்? தமிழ் சினிமாவுக்கு மாடு புதிது கிடையாது. 'முரட்டுக் காளை' (1980), 'விருமாண்டி' (2004) எல்லாம் பார்த்திருக்கிறோம். மாட்டை அடக்குவது கதாநாயகன் தன் ஆண்மையை ஊருக்குக் காட்டும் இடம். மாடு அடங்கினால் பெண்ணும் கிடைப்பாள், பாட்டும் கிடைக்கும். அடங்கினபிறகு அந்த மாடு எங்கே போயிற்று என்று எந்தப் படமும் கேட்டதில்லை. இதே பழக்கத்தில் 'வாடிவாசல்' எடுக்கப்பட்டால், அப்பனைக் கொன்றவனை மகன் பழிவாங்குகிற கதையாக முடிந்துபோகும். பிச்சி திமிலைப் பிடிக்கிற இடத்தில் அரங்கம் எழுந்து நிற்கும். காரி செத்துக் கிடக்கிற இடத்தில் ஜனங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துபோவார்கள். அப்போது செல்லப்பாவின் நாவலும் செத்தது, நம் வாசிப்பும் செத்தது.

வெற்றிமாறன் அப்படிச் செய்கிறவர் இல்லை என்பார்கள். நானும் அந்த நம்பிக்கையில்தான் காத்திருக்கிறேன். அவர் எழுத்தை நம்பிப் படமெடுக்கிறவர். சந்திரகுமாரின் 'லாக்கப்' அவர் கையில் 'விசாரணை' ஆயிற்று. ஜெயமோகனின் 'துணைவன்' கதை 'விடுதலை' ஆயிற்று. பூமணியின் 'வெக்கை' 'அசுரன்' ஆயிற்று. மூன்றிலும் அவர் மூலக்கதைக்கு அப்படியே கீழ்ப்படியவில்லை. கீழ்ப்படியாததைக் குற்றமாகச் சொல்லவில்லை. எந்த இடத்தில் மீறினார், யாருக்காக மீறினார் என்றுதான் பார்க்க வேண்டும்.

'அசுரன்' 2019 அக்டோபரில் வந்தபோது பண்ருட்டியில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். எங்கள் தெருப் பையன்கள் பதினைந்து பேர் ஒன்றாகப் போனோம். செருப்புப் போட்டதற்காகப் பெண்ணை அடிக்கிற காட்சி வந்ததும் என் பக்கத்தில் இருந்த பையன் காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவன் படிப்பது இன்ஜினியரிங். பிறந்ததிலிருந்து செருப்போடு நடந்தவன். அவனையும் மீறி அந்தக் கால் உள்ளே போயிற்று. படத்தைப் பற்றி எத்தனை கட்டுரை படித்தாலும் எனக்கு அந்தக் கால்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அந்தச் செருப்பு 'வெக்கை'யில் இல்லை. பஞ்சமி நிலமும் இல்லை. பூமணி 1982இல் எழுதின நாவலில், செலம்பரம் என்கிற பதினைந்து வயதுப் பையன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானைக் கொன்றுவிட்டு அப்பனோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறான். யார் என்ன சாதி என்று பூமணி பேர் சொல்லவில்லை. வெற்றிமாறன் அதில் பஞ்சமி நிலத்தைக் கொண்டுவந்தார். 1892இல் வெள்ளைக்காரன் அரசாங்கம் நம் ஜனங்களுக்கென்று ஒதுக்கி, கைமாற்றக் கூடாது என்று சொன்ன நிலம், கைமாறிக் கைமாறி எங்கே போயிற்று என்று ஒரு வணிகப் படம் கேட்டது. 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்தப் பேர்களைக் கேள்விப்படாத பையன்கள்கூடப் படம் முடிந்து டீக்கடையில் நின்று 'பஞ்சமின்னா என்னாண்ணே' என்று கேட்டார்கள். நாவலை மீறியதால் கிடைத்த பலன் இது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அதே படத்தில் இன்னொரு மீறலும் நடந்தது. 'வெக்கை' பையனின் கதை. 'அசுரன்' அப்பனின் கதை ஆகிவிட்டது. ஒரு பெரிய நடிகர் வந்ததும் கதையின் பாரம் முழுக்க அவர் தோளுக்கு மாறிவிட்டது. பூமணியின் அப்பன் காட்டுக்குள் மகனுக்குச் சோறு பொங்கிப் போடுகிறவர். படத்து அப்பன் ஒரே ஆளாக நின்று ஒரு கூட்டத்தையே வெட்டிச் சாய்க்கிறவர். ஜனங்கள் சேர்ந்து தாங்கின துயரம் ஒற்றை ஆளின் வீரமாக மாறியது. கடைசியில் 'படி' என்கிற புத்திமதியோடு முடிந்தது. படிக்கத்தான் வேண்டும். ஆனால் நிலத்தைப் பிடுங்கினவனிடம் நிலத்தைக் கேட்காமல், பிடுங்கப்பட்டவனிடம் போய்ப் படி என்று சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தும் அது எனக்குத் தீரவில்லை.

ஆக, மூலக்கதையை மீறுவதிலும் இரண்டு வகை இருக்கிறது. மறைக்கப்பட்டவனை வெளியே கொண்டுவர மீறுவது ஒரு வகை. தெரிகிற ஆளை இன்னும் பெரிதாக்க மீறுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை சினிமாவுக்கு மட்டும் சொந்தமில்லை. இலக்கியத்திலும் நடந்திருக்கிறது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தார்கள். அரைப்படி கூலி நெல் அதிகம் கேட்ட விவசாயக் கூலிகளின் பெண்டு பிள்ளைகள். இந்திரா பார்த்தசாரதி 1975இல் 'குருதிப்புனல்' எழுதினார். அதில் பண்ணையாரின் ஆண்மைக் குறைவு காரணமாக முன்னுக்கு வந்தது. எரிந்தவர்களின் கதை எரித்தவனின் மனநோய்க் கதையாக ஆனது. 1977இல் சாகித்ய அகாதமி பரிசு வந்தது. 1983இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்று படமும் வந்தது. நாவலில் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட கூலி நெல்லின் கணக்கை எந்தப் பரிசும் நடுவுக்குக் கொண்டுவரவில்லை.

3

இப்போது என் சொந்த மாட்டுக்கு வருகிறேன்.

பண்ருட்டிப் பக்கம் வாடிவாசல் கெடையாது. பலாவும் முந்திரியும் விளையிற செம்மண் பூமி. மாட்டுப் பொங்கலன்னைக்கி சாயங்காலம் ஊர்த்தெரு மாடுங்களக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மந்தவெளிக்கு ஓட்டியாருவாங்க. அங்க வச்சி மாட்ட மெரட்டறது. மெரட்டறதுக்கு மோளம் வேணும். மோளம் எங்க தெருவுலேருந்துதான் போவணும். எங்கப்பா மோளக்காரரு. மாட்டுக்கு முன்னால நின்னு அடிக்கணும். மாடு மெரண்டு பாஞ்சா மொதல்ல குத்து வாங்குறது மோளக்காரன்தான்.

எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது அப்படி ஒரு மாடு எங்கப்பா தொடையில கொம்ப ஏத்திடுச்சி. மாட்டுக்காரரு ஓடியாந்தாரு. எங்கப்பாவத்தான் தூக்க வர்றாருன்னு நெனச்சேன். அவரு மாட்டோட கொம்பத் தடவிப் பாத்தாரு. 'கொம்பு வெடிச்சிடுச்சா பாருடா'ன்னு ஆள்கிட்ட சொன்னாரு. எங்க மாமனுங்கதான் அப்பாவக் கயித்துக் கட்டுல்ல போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனாங்க.

இதில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்த மாடு எங்கள் வீட்டில் வளர்ந்த மாடு. கன்றுக்குட்டியாக இருந்தபோது வாரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். வாரம் என்றால், நாங்கள் வளர்ப்போம், விற்றால் விலையில் பாதி எங்களுக்கு. அது காளையாகித் திமில் கட்டினதும் விற்கப்போவதில்லை என்று சொல்லி ஊர்த்தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாதி விலை என்று ஏதோ கையில் வைத்தார்கள். எங்கம்மா தண்ணி காட்டினால்தான் அந்த மாடு குடிக்கும். தவிடும் புண்ணாக்கும் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, 'குடி சாமி, குடி' என்று சொல்லிக்கொண்டே நிற்கும். மாட்டை ஓட்டிக்கொண்டு போன பிறகு எட்டு நாள் எங்கம்மா அந்தப் பக்கம் களையெடுக்கக்கூடப் போகவில்லை. அது கத்துகிற சத்தம் கேட்கும் என்று.

தொடைக் காயம் ஆறினபிறகு எங்கப்பா சொன்னாரு: 'அது என்னப் பாத்து முட்டுல. மோளத்தப் பாத்து முட்டுச்சி. மோளத்த அடின்னு சொன்னவன் மேல அதுக்குக் கோவம் வராது, அவன் தூரமா நிக்கிறான்.'

'வாடிவாசல்' படித்தபோது எனக்கு இதுதான் எழுந்து வந்தது. ஜமீன்தார் மேடையில் உட்கார்ந்திருக்கிறார். பிச்சி திட்டிவாசலில் நிற்கிறான். பக்கத்தில் நிற்கிற கிழவர் பழைய கதை சொல்கிறார். கதை இந்த மூன்று பேர் கண் வழியாகத்தான் களத்தைப் பார்க்கிறது. காரியை யாரோ பிடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். யாரோ அதற்குக் கொட்டில் கூட்டி, சாணி அள்ளி, தவிடு கரைத்திருக்க வேண்டும். ஜமீன்தார் சாணி அள்ளியிருக்க மாட்டார். களத்தில் கொட்டு அடிக்கிறவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், அந்த வீட்டிலும் அன்றைக்குப் பொங்கியிருப்பார்கள், அல்லது பொங்காமல் காத்திருப்பார்கள். கதை அந்த வீட்டுக்குப் போகவில்லை. குண்டு பாய்ந்து காரி விழுந்த பிறகு அதைப் புதைத்தவர்கள் யார், அல்லது அறுத்தவர்கள் யார்? செத்த மாட்டைத் தூக்குவது இந்த நாட்டில் யார் தலையில் கட்டப்பட்ட வேலை என்பது எல்லாருக்கும் தெரியும். கதை அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

தண்ணி காட்டுவது என்றால் தமிழில் ஏய்த்து ஜெயிப்பதற்கும் பேர். பிச்சி காரிக்குத் தண்ணி காட்டினான் என்று ஊர் பேசும். நிஜமாகவே தொட்டியில் தண்ணி காட்டினவர்களைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது.

செல்லப்பாவை நான் இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. 1959இல் அவர் நின்ற இடத்திலிருந்து எது தெரிந்ததோ அதை நேர்மையாக எழுதினார். இன்றைக்கு அதைப் படமாக்குகிறவர் அதே இடத்தில் போய் நின்றுகொண்டால்தான் குற்றம்.

4

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் லட்சக்கணக்கில் கூடினார்கள். சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இந்தப் பத்து வருடத்தில் ஜல்லிக்கட்டு என்பது 'தமிழன் வீரம்' என்கிற ஒற்றை வார்த்தையாகிவிட்டது. மெரினாவில் நம் பிள்ளைகளும் நின்றார்கள். மறுக்கவில்லை. டெல்லிக்கு எதிரான கோபம் அவர்களுக்கும் இருந்தது. ஆனால் கடைசி நாள் தடியடி விழுந்தபோது மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது நடுக்குப்பத்து மீனவர்கள். அதற்காக அடிவாங்கினதும் மீன் சந்தை எரிந்துபோய் நின்றதும் அவர்கள்தான். வீரத்தின் பேரில் எடுக்கப்பட்ட படங்களில் அவர்கள் முகம் எத்தனை இருக்கிறது?

'வாடிவாசல்' இந்தக் காற்றில்தான் வரப்போகிறது. களத்தில் முதல் மரியாதை யாருக்கு, யார் மாடு முதலில் அவிழ்கிறது, யார் மாட்டைத் தொடலாம், யார் தொட்டால் தகராறு என்பதெல்லாம் ஊர் வழக்கமாக இருந்த விளையாட்டை, எல்லாத் தமிழனுக்கும் பொதுவான விளையாட்டு என்று காட்டினால் அது பொய். நாவல்கூட அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அதில் ஜமீன்தார் ஜமீன்தாராகவே இருக்கிறார், தேவன் என்கிற ஒட்டு ஒட்டாகவே இருக்கிறது. பெருமையின் பேரில் அதையும் அழித்துவிட்டால் நாவலைவிடப் பின்னால் போகும் படம்.

வேறு மாதிரி எடுக்க முடியாதா? முடியும். முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். 'அசுரன்' வந்த அதே 2019 அக்டோபரில் மலையாளத்தில் 'ஜல்லிக்கட்டு' வந்தது. எஸ். ஹரீஷின் சிறுகதையை எடுத்து லிஜோ ஜோஸ் பெல்லிசேரி, கசாப்புக்காரனிடமிருந்து தப்பி ஓடுகிற ஒரு எருமையின் பின்னால் ஒரு ஊரையே ஓடவிட்டார். ஓட ஓட, மிருகம் எது என்பது மாறிக்கொண்டே வந்தது. வீரன் என்று ஒருத்தனும் மிஞ்சவில்லை.

அதற்கும் முன்னால், 2013இல் நாக்ராஜ் மஞ்சுளே மராத்தியில் 'ஃபன்றி' எடுத்தார். பன்றி பிடிக்கிற குடும்பம். ஊர் மொத்தமும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, அப்பனும் அம்மாவும் அக்காவும் தம்பியும் பன்றியைத் துரத்துகிறார்கள். அதுவும் ஒரு களம்தான். கைதட்டல் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. ஆனால் கேமரா துரத்துகிறவர்களின் அவமானத்தோடு ஓடுகிறது. கடைசியில் அந்தப் பையன் எறிகிற கல் நேராக நம் முகத்துக்கு வருகிறது. வேடிக்கை பார்த்தவன் நீயும்தானே என்று கேட்கிற கல் அது. மாடணைகிற களத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற கூட்டத்தை அந்தக் கல்லின் திசையிலிருந்து ஒருமுறை பார்த்தால் என்ன?

நம் பக்கத்திலேயே மாரி செல்வராஜ் இருக்கிறார். 'பரியேறும் பெருமாள்' (2018) கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டார்கள். 'கர்ணன்' (2021) படத்துக் கழுதையின் முன்னங்கால்களைக் கட்டிவிட்டிருந்தார்கள். அந்த மிருகங்களை யாரும் அடக்கி வீரம் காட்டவில்லை. அவற்றின் கட்டும் நம் கட்டும் ஒன்று என்று பார்க்கிறவனுக்குப் புரிந்தது. தலித் சினிமா தமிழுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. 'வாடிவாசல்' இந்தப் பாடத்துக்குப் பிறகு வருகிற படம். கற்காததுபோல் நடிக்க முடியாது.

5

எதிர்க்கேள்வி வரும். எல்லாக் கதையிலும் உங்களைக் கொண்டுவந்து சொருகச் சொல்கிறீர்களா, செல்லப்பா எழுதாததை ஏன் கேட்கிறீர்கள் என்பார்கள். சொருகச் சொல்லவில்லை. அங்கே ஏற்கனவே நிற்கிறவனைப் பார்க்கச் சொல்கிறோம். கொட்டில்லாமல் களம் இல்லை. கொட்டுச் சத்தத்தைப் பின்னணி இசையாக எடுத்துக்கொண்டு, அடிக்கிற கையை மட்டும் சட்டகத்துக்கு வெளியே வைப்பது என்ன கலை?

இன்னொரு கேள்வி எனக்கு நானே கேட்டுக்கொள்வது. மோளக்காரன் வீட்டைத் திரையில் காட்டு என்று கேட்கிற நாம், நம் தெருவுக்குத் துணி வெளுத்தவர்களின் வீட்டைப் பார்த்திருக்கிறோமா? எங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர் இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' எழுதி, ஆரோக்கியத்தின் வழியாக நம்மைப் பார்த்தே இந்தக் கேள்வியைக் கேட்டார். அப்போது நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அடங்கிப் படித்தபோது வெட்கம் வந்தது. ஓரத்தில் நிற்கிறவனுக்கும் ஒரு ஓரம் உண்டு. ஒரு படத்திடம் நாம் கேட்பதை நம்மிடமும் யாராவது கேட்பார்கள் என்கிற நினைப்போடுதான் கேட்க வேண்டும்.

ஆகவே என் எதிர்பார்ப்பு இவ்வளவுதான். பிச்சி ஜெயிக்கட்டும். ஆனால் அதோடு படம் முடிந்துவிட்டதாக அரங்கத்தை நம்பவைக்காதீர்கள். காரி சாகிற இடத்தில் நிற்க நேரம் கொடுங்கள். ஜமீன்தாரின் துப்பாக்கியை ஒரு கிறுக்கனின் கோபமாகக் காட்டாதீர்கள். சொத்தாக வைத்திருந்த உயிரைச் சொத்துக்காரன் தீர்த்துக்கட்டுகிற உரிமையாகக் காட்டுங்கள், ஏனென்றால் அந்த உரிமை மாட்டோடு நின்றதில்லை. காரியின் கொட்டிலை ஒருமுறை காட்டுங்கள். விடியற்காலையில் அங்கே வந்து போகிற ஒரு ஆளை, ஒரு பெண்ணைக் காட்டுங்கள். வசனம்கூட வேண்டாம்.

எங்கப்பா இப்போது மோளம் தொடுவதில்லை. மோளம் அடிக்க மாட்டோம் என்று எங்கள் தெரு முடிவெடுத்து வருடங்கள் ஆகிவிட்டன. மாட்டுப் பொங்கலுக்கு ஊர்த்தெருவில் இப்போது டிரம் செட் வாடகைக்கு எடுக்கிறார்கள். எங்கப்பாவின் தொடைத் தழும்பு மட்டும் அப்படியே இருக்கிறது. 'வாடிவாசல்' கதையை ஒருநாள் அவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பிச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஜமீன்தாரைப் பற்றியும் கேட்கவில்லை. உள்ளே இருந்து எங்கம்மாதான் கேட்டுச்சி: 'சுட்டப்பறம் அந்த மாட்டுக்கு யாராவது வாயில தண்ணி ஊத்துனாங்களா?'

படம் வந்தால் முதல் நாளே பண்ருட்டியில் போய்ப் பார்ப்பேன். எங்கம்மாவையும் அழைத்துக்கொண்டு போவேன். அது கேட்ட கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் இருக்கிறதா என்று இரண்டு பேரும் பார்ப்போம்.